செடியை ஏன் இடம் மாற்றினாய்?

மக்களே,

நீ அனுப்பிய, இலை கொட்டுகிற ரப்பர் செடியின் படம் கிடைத்தது. ஃபோனில் கேட்கலாம் என்றால் "அப்புறம் கூப்பிடுறேம்பா" என்று வைத்துவிடுகிறாய். அதனால் எழுதுகிறேன்.

இங்கே நம் ரப்பர் தோட்டம் முழுக்க இலை உதிர்கிறது. பால் குறைந்துவிட்டது, வடக்குவிளையில் பால் வெட்டை நிறுத்தப் போகிறேன். தை, மாசியில் நம் மரம் மொட்டையாவது சகஜம். பிறகு செம்பு நிறத்தில் கொழுந்து வந்துவிடும். உன்னிடம் இருப்பது அந்தச் சாதி இல்லை. பெயர்தான் ரப்பர்; அது ஆலமரத்துக்குப் பங்காளி, அசாம், மேகாலயா பக்கத்து மழைக்காட்டு மரம். நம் தோட்டத்தில் நிற்கிற பிரேசில் மரம் வந்து சேருமுன் வெள்ளைக்காரன் அசாமில் இதை நட்டுத்தான் பால் எடுத்துப் பார்த்தான். மேகாலயாவில் காசி மக்கள் இதன் வேரை ஆற்றுக்குக் குறுக்கே இழுத்துவிட்டுப் பாலமாகவே வளர்த்து வைத்திருக்கிறார்கள். அவ்வளவு உரமான மரம் அது. வருஷா வருஷம் மொட்டையாகிற வழக்கம் அதற்குக் கிடையாது. இத்தனை இலை கொட்டினால் ஏதோ சரியில்லை.

தண்ணீர்தான் முதல் சந்தேகம். விரலை ரெண்டு கணு வரைக்கும் மண்ணில் விட்டுப் பார். காய்ந்திருந்தால் மட்டும் ஊற்று. கீழ் இலை மஞ்சளித்து விழுந்தால் பெரும்பாலும் ஈரம் கூடிவிட்டது என்று அர்த்தம், அப்படியே விட்டால் வேர் அழுகும். அடித்தட்டில் தண்ணீர் நிற்க விடாதே. ஒரு வீட்டில் ஒருத்தர்தான் ஊற்ற வேண்டும். நீ ஊற்றியது தெரியாமல் மாப்பிள்ளையும் ஊற்றுகிறாரோ என்னவோ. பேசிக்கொள்ளுங்கள்.

தீபாவளிக்கு அனுப்பிய படத்தில் செடி ஹாலில், பெரிய ஜன்னலுக்கு எதிரே நின்றது. இப்போது சின்ன அறையில், பாதி மூடிய திரைக்குப் பக்கத்தில் நிற்கிறது. ஏன் மாற்றினாய்? இடம் மாறினாலே அது இலையைக் கொட்டும். படத்தின் ஓரத்தில் தரையில் விரித்த மெத்தை தெரிகிறது. அதன்மேல் அம்மா நீலப் பூ போட்டுத் தைத்துக் கொடுத்த உறையோடு ஒரு தலையணை. ஒன்றுதான். அம்மாவுக்கு அந்த ஓரத்தை வெட்டிவிட்டுத்தான் படத்தைக் காட்டினேன்.

டொரண்டோ குளிருக்கு அந்த ஜன்னல் ஓரம் ஆகாது. 15 டிகிரிக்குக் கீழே போனால் அதற்குப் பிடிக்காது. ஹீட்டர் காற்று நேராக அடித்தாலும் கெடுதல்தான். நல்ல வெளிச்சம் வேண்டும், சுள்ளென்ற வெயில் வேண்டாம். ஈரத்துணியால் இலையைத் துடை, அடிப்பக்கமும் சேர்த்து. மாவுப்பூச்சி அங்கேதான் ஒட்டிக்கிடக்கும். நுனியை இப்போது கிள்ளாதே, குளிர் போகட்டும். கிள்ளினால் வடிகிற பால் கையில் பட்டால் சிலருக்கு அரிக்கும். பூனையையும் கிட்டே விடாதே. தோட்டத்து லைன் வீட்டில் பால் பிடிக்கிற சிரட்டையை அடுக்கி விளையாடியவளுக்கு நான் பாலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறேன் பார். குலசேகரம் சந்தையில் இன்றைக்கும் "எஞ்சினியர் மகள் எப்படி இருக்கா" என்று நிறுத்திக் கேட்கிறார்கள். நன்றாக இருக்கிறாள் என்று சொல்லிவிட்டு வருகிறேன். அவ்வளவு படித்தவளுக்கு அப்பாவுக்கு நாலு வரி எழுத வராதா?

அண்ணன் வீட்டில் எல்லாரும் நலம். சின்னவனுக்குப் பல் விழுந்திருக்கிறது.

தண்ணீர் மட்டும் அதிகம் வேண்டாம், மறக்காதே. ஒருமுறை நன்றாக நனைத்து வடியவிட்டால் இந்தக் குளிரில் ரெண்டு வாரம் அது பாட்டுக்குக் கிடக்கும். அதனால் செடியை யார் பார்ப்பார்கள் என்று இந்தத் தடவையும் சாக்குச் சொல்லாதே. ரப்பர் ஷீட் விற்ற பணம் இருக்கிறது, டிக்கெட்டை நான் போடுகிறேன். ரெண்டு பேரும் வந்தாலும் சரி, நீ மட்டும் வந்தாலும் சரி. அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

அப்பா