வெயில் நாட்டில் பனிக்கட்டி விளையாட்டு: நண்பருக்கு ஒரு கடிதம்

டாம்பா, புளோரிடா
7 டிசம்பர் 2025

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு நீ மீண்டும் காலையில் மைதானத்துக்குப் போகத் தொடங்கிவிட்டாய் என்பதும், பேத்தி ரோலர் ஸ்கேட்டிங் வகுப்பில் சேர்ந்திருக்கிறாள் என்பதும் எங்கள் எல்லோருக்கும் மகிழ்ச்சி தந்த செய்திகள். இங்கே அனைவரும் நலம். பேரன் ஐஸ் ஹாக்கி ஆடுகிறான் என்று நான் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, குளிர்கால விளையாட்டுகள் வெயில் நாடுகளில் மக்களிடம் வேரூன்ற முடியுமா, அல்லது வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்காகவே நின்றுவிடுமா என்று கேட்டிருந்தாய். பணிக்காலம் முழுவதும் பள்ளிப் பிள்ளைகளை மைதானத்தில் ஓடவிட்டவன் நீ. நானோ பிழைப்புக்காகக் குளிர்பதன இயந்திரங்களோடு காலம் கழித்தவன். இந்தக் கேள்விக்கு நம் இருவரின் தொழிலும் தேவைப்படுகிறது என்பதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பனிமலையை நம்பியிருக்கும் விளையாட்டுகள் வெப்ப நாடுகளில் பரவலாகும் என்று நான் நம்பவில்லை. பனிக்கட்டித் தளத்தில் ஆடும் விளையாட்டுகள் பரவ முடியும் என்று உறுதியாக நம்புகிறேன். மலைச்சரிவையும் பனிப்பொழிவையும் இயற்கைதான் தர வேண்டும்; பனிக்கட்டித் தளத்தையோ எந்த ஊரிலும் ஒரு கூரையின் கீழ் நாமே உருவாக்கிவிடலாம். ஆனால் தளம் கட்டினால் மட்டும் போதாது. அதற்கு முன்பே அந்த ஊர்ப் பிள்ளைகளின் கால்களில் சக்கரம் இருந்திருக்க வேண்டும். இதைத்தான் நான் இங்கு வந்து கண்டேன்.

முதலில், ஒலிம்பிக்கில் கலந்துகொள்வதும் நாட்டில் பரவுவதும் ஒன்றல்ல என்பதைச் சொல்லிவிட வேண்டும். 1988-ல் கால்கரி குளிர்கால ஒலிம்பிக்குக்கு வந்த ஜமைக்காவின் பாப்ஸ்லெட் (பனிக்கட்டிப் பாதையில் சறுக்கும் வண்டிப் பந்தயம்) அணியை உனக்கு நினைவிருக்கும். நால்வர் போட்டியில் வண்டி கவிழ்ந்தது. அதற்கு ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு லில்லெஹாமரில் அதே நாட்டின் அணி 14-ஆம் இடத்தைப் பிடித்து, அமெரிக்காவையே பின்னுக்குத் தள்ளியது. அந்த மன உறுதியை நான் மிகவும் மதிக்கிறேன். ஆயினும் கிங்ஸ்டனில் பிறக்கும் ஒரு பிள்ளை மாலையில் போய் ஆடிவிட்டு வர அங்கே பனிக்கட்டிப் பாதை ஏதும் இல்லை. இந்த ஆண்டு பிப்ரவரியில் ஹார்பினில் நடந்த ஆசியக் குளிர்கால விளையாட்டுப் போட்டியில், பனிக்கட்டியில் கல்லைச் சறுக்கிவிடும் கர்லிங் ஆட்டத்தின் ஆடவர் இறுதியாட்டத்தில் தென்கொரியாவை வென்று பிலிப்பைன்ஸ் தங்கம் பெற்றதும் அத்தகையதே. அந்த அணியின் முதன்மை ஆட்டக்காரர்கள் சுவிட்சர்லாந்தில் வாழ்ந்து, அங்கேயே ஆடிப் பழகிய பிலிப்பைன்ஸ் வம்சாவளியினர். நம் நாட்டின் சிவ கேசவன் 1998 முதல் 2018 வரை ஆறு குளிர்கால ஒலிம்பிக் போட்டிகளில் லூஜ் (மல்லாந்து படுத்துச் சறுக்கும் சிறு வண்டி) ஓட்டினார். பாதை இல்லாத குறையை, இமயமலைச் சாலைகளில் சக்கரம் பொருத்திய வண்டியை ஓட்டியே ஈடு செய்தார். இவ்வளவு பெரிய உழைப்புக்குப் பின்னாலும் அவரைத் தொடர்ந்து வர ஒரு கூட்டம் உருவாகவில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. குறை அவருடையதன்று, தொடர்ந்து வருவதற்கு வழியே இல்லை.

இப்போது நான் வாழும் ஊருக்கு வருகிறேன். டாம்பாவில் பனி பெய்வது அரிதினும் அரிது. கோடையில் நம் கடற்கரை ஊர்களைப் போலவே புழுக்கம். நாள்தோறும் பிற்பகலில் இடியோடு மழை. இத்தகைய ஊரில் 1992-ல் ஒரு தொழில்முறை ஐஸ் ஹாக்கி அணி தொடங்கப்பட்டபோது, அது நிலைக்காது என்று கருதியவர்களே அதிகம். பேஸ்பால் ஆட்டத்துக்காகக் கட்டிய ஒரு கூரை மைதானத்தில் சில ஆண்டுகள் ஆடியபோதே, 1996-ல் ஒரே ஆட்டத்துக்கு 28,000 பேருக்கு மேல் கூடினார்கள். 2004, 2020, 2021 ஆகிய ஆண்டுகளில் அந்த டாம்பா பே லைட்னிங் அணி, அமெரிக்க, கனடா அணிகள் மோதும் தொழில்முறை ஐஸ் ஹாக்கியின் உச்சப் பரிசான ஸ்டான்லி கோப்பையை வென்றது. மயாமிக்கு அருகில் உள்ள புளோரிடா பேந்தர்ஸ் 2024-லும் 2025-லும் வென்றது. இடையில் 2023-ல் வென்றதோ பாலைவன நகரமான லாஸ் வேகஸ். ஐஸ் ஹாக்கியைத் தன் உயிராகக் கருதும் கனடாவின் எந்த அணியும் 1993-க்குப் பிறகு இந்த ஆண்டு வரை அக்கோப்பையைத் தொடவில்லை.

நீ உடனே கேட்பாய்: ஆடுகிறவர்கள் கனடாவிலிருந்தும் சுவீடனிலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் வந்தவர்கள்தானே என்று. பெரும்பாலும் அப்படித்தான். பணம் கொடுத்து வீரர்களை வரவழைத்துவிடலாம். ரசிகர்களையும், நாளைய ஆட்டக்காரர்களையும் அப்படி வரவழைக்க முடியாது. அந்த இடத்தில்தான் இங்குள்ளவர்கள் செய்த ஒரு காரியம் என்னைக் கவர்ந்தது. பிள்ளைகளை நேரே பனிக்கட்டியில் இறக்கவில்லை. பள்ளிகளுக்குப் பிளாஸ்டிக் மட்டையும் பந்தும் கொடுத்து, உடற்கல்வி வகுப்பில் தெரு ஹாக்கி ஆடக் கற்றுக்கொடுத்தார்கள். சாதாரணக் காலணியோடு சிமென்ட் தரையில் ஆடிய பிள்ளைக்கு ஆட்டத்தின் விதிகளும் சுவையும் முதலில் பிடிபடுகின்றன. பனிக்கட்டி பிறகு வருகிறது. நம் ஊரில் கிரிக்கெட் பரவியது சேப்பாக்கத்தின் புல்தரையால் மட்டுமன்று, தெருவில் உருண்ட டென்னிஸ் பந்தால் என்பதை உன்னைவிட நன்கு அறிந்தவர் யார்?

அரிசோனாவில் நடந்தது இதைவிடத் தெளிவான சான்று. கனடாவின் வின்னிபெக்கிலிருந்து ஓர் அணி 1996-ல் ஃபீனிக்ஸ் நகரத்துக்கு மாற்றப்பட்டது. அணியைப் பார்த்து ஆசைப்பட்டு, அந்தப் பாலைவனத்தில் ஆடிப் பழகியவர்களில் ஒருவர் ஆஸ்டன் மேத்யூஸ். 2016-ல் தொழில்முறை அணிகள் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுத்தபோது, டொராண்டோ அணி அவரை முதல் தேர்வாக எடுத்துக்கொண்டது. முதல் ஆட்டத்திலேயே நான்கு கோல் அடித்தார். ஆனால் அந்த அரிசோனா அணியோ நிலையான மைதானம் அமையாமல் 2024-ல் யூட்டா மாநிலத்துக்குப் போய்விட்டது. அணி போனபின் அங்குள்ள பிள்ளைகள் யாரைப் பார்த்து ஆசைப்படுவார்கள் என்ற கவலை எனக்கு உண்டு.

இனி என் தொழில் பக்கம். ஐஸ் தளம் என்றதும் ஏதோ மாயவித்தை போல நம் ஆட்கள் நினைக்கிறார்கள். கான்கிரீட் தளத்துக்குள் நெருக்கமாகக் குழாய்களைப் பதித்து, உறைநிலைக்குக் கீழே குளிர்வித்த உப்புக்கரைசலையோ, எளிதில் உறையாத கிளைக்கால் திரவத்தையோ அவற்றில் ஓடவிட்டு, மேலே மெல்லிய படலங்களாகத் தண்ணீர் தெளித்து உறைய வைக்கிறோம். ஆடும் பனிக்கட்டியின் கனம் மூன்று நான்கு சென்டிமீட்டர்தான். தளத்துக்கு அடியில் காப்புப் பலகை வைத்து, அதற்கும் கீழே மண் உறைந்து உப்பிவிடாதபடி இலேசான சூடும் கொடுக்க வேண்டும். வெப்ப ஊரிலும் இதைத் தவிர்க்க முடியாது. நம்மைப் போன்ற ஊர்களில் உண்மையான எதிரி வெயிலன்று, ஈரப்பதம். கதவு திறக்கும்போதெல்லாம் புகும் ஈரக்காற்று பனிக்கட்டியின் மேல் மூடுபனியாகவும், கூரையிலிருந்து சொட்டும் நீராகவும் மாறுகிறது. காற்றை உலர்த்தும் கருவி சரியாக இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. கூரையின் உட்புறத்தில் வெப்பத்தைக் குறைவாகக் கதிர்வீசும் அலுமினியப் படலத்தை ஒட்டினாலே கம்ப்ரசரின் சுமை கணிசமாகக் குறையும் என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் கட்டும்போது செலவைக் குறைக்க முதலில் கைவிடப்படுவதும் அதுவே.

உனக்கு வியப்பாக இருக்கக்கூடிய ஒன்றையும் சொல்கிறேன். உலகெங்கும் ஐஸ் தளத்தைச் செப்பனிட ஓட்டும் ஜாம்போனி இயந்திரம் கனடாவிலோ நார்வேயிலோ பிறந்ததன்று. தெற்குக் கலிபோர்னியாவில் ஐஸ் பாளம் தயாரித்து விற்றுவந்த ஃபிராங்க் ஜாம்போனி, வீடுகளில் குளிர்பதனப் பெட்டி வந்து வியாபாரம் குறையத் தொடங்கியதால், 1940-ல் பாரமவுண்ட் என்ற ஊரில் ஒரு ஸ்கேட்டிங் தளம் திறந்தார். அதைச் செப்பனிட ஆள்களும் நேரமும் அதிகம் தேவைப்பட்டதால் 1949-ல் அந்த இயந்திரத்தை உருவாக்கினார்.

ஆனால் உன் பேத்தி தொடர்பாக நான் மிகவும் சொல்ல விரும்புவது ஒக்காலா என்ற ஊரின் கதை. இங்கிருந்து காரில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். குதிரைப் பண்ணைகளுக்குப் பெயர்போன ஊர். இங்கு ரோலர் தளத்தில் சக்கரக் காலணியோடு ஓடி வளர்ந்த எரின் ஜாக்சன், பிரிட்டனி போ, ஜோயி மான்டியா ஆகிய மூவரும் பின்னாளில் பனிக்கட்டிக்கு மாறி, 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் பதக்கம் பெற்றார்கள். ஜாக்சன் 500 மீட்டர் வேக ஸ்கேட்டிங் பந்தயத்தில் தங்கம் வென்றார். குளிர்கால ஒலிம்பிக்கில் தனிநபர் தங்கம் வென்ற முதல் கறுப்பினப் பெண் அவர்தான். 2018 ஒலிம்பிக்குக்கு அவர் தகுதி பெற்றபோது பனிக்கட்டியில் தீவிரப் பயிற்சி தொடங்கிச் சில மாதங்களே ஆகியிருந்தன. 2022 தகுதிப் போட்டியில் அவர் கால் இடறி இடத்தை இழந்தபோது, தன் இடத்தை அவருக்கு விட்டுக்கொடுத்தவர் அதே ஊர்க்காரரான போ. இதை எத்தனை முறை நினைத்தாலும் என் மனம் நெகிழ்கிறது. பெல்ஜியத்தின் பார்ட் ஸ்விங்ஸும் சக்கரத்திலிருந்து பனிக்கட்டிக்கு வந்து அதே பெய்ஜிங்கில் தங்கம் வென்றவர். உடலைச் சாய்த்துத் தள்ளும் முறை, வளைவில் ஒரு காலை மறுகாலுக்கு மேல் கடத்தி வைக்கும் உத்தி, தொடையின் வலு ஆகிய யாவும் சக்கரத்திலேயே கைவந்துவிடுகின்றன. பனிக்கட்டியில் புதிதாகக் கற்க வேண்டியது, மெல்லிய அலகின் ஓரத்தில் நிற்பது.

அப்படியென்றால் சென்னையின் ஆனந்த்குமார் வேல்குமாரை நினைத்துப் பார். இந்த ஆண்டு செப்டம்பரில் சீனாவில் நடந்த சக்கர வேக ஸ்கேட்டிங் உலகச் சாம்பியன்ஷிப்பில் 1000 மீட்டரிலும் நெடுந்தூர மாரத்தானிலும் தங்கம் வென்ற அந்த இளைஞர் பனிக்கட்டிக்கு மாற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவர் எடுத்துக்கொண்ட ஆட்டமே பெருமைக்குரியது. ஆனால் அவரைப் பார்த்துச் சக்கரம் கட்டும் ஆயிரம் பிள்ளைகளில் சிலர் விரும்பினால் போய்ப் பழக ஓர் ஐஸ் தளம் அருகில் இருக்க வேண்டும் என்பதே என் ஆசை.

இதற்குத் தடை குளிரின்மை அன்று, நிலத்தின் விலையும் மின்கட்டணமுமே. சிங்கப்பூரில் ஒரு வணிக வளாகத்துக்குள் 2012-ல் திறந்த ஒலிம்பிக் அளவுத் தளம், வளாகத்தையே இடித்துப் புதிதாகக் கட்டுவதற்காக 2023-ல் மூடப்பட்டது. இடையில் 2018-ல் செயென் கோ அந்நாட்டின் முதல் குளிர்கால ஒலிம்பிக் வீராங்கனையாகியிருந்தார். வணிக வளாகத்தை நம்பினால் இந்த ஆபத்து எப்போதும் உண்டு. அதே சமயம், மணிலாவின் வளாகத் தளங்களில் பழகிய மைக்கேல் மார்ட்டினெஸ் 2014-ல் சோச்சி ஒலிம்பிக்கின் ஃபிகர் ஸ்கேட்டிங்கில் (இசைக்கேற்பச் சுழன்றும் துள்ளியும் ஆடுவது) 19-ஆம் இடம் பெற்றார் என்பதையும், மெக்சிகோவின் டோனோவன் கரியோ வளாகத் தளத்திலேயே பயிற்சி செய்து பெய்ஜிங்குக்குப் போனார் என்பதையும் மறக்க முடியாது. நகராட்சியோ பல்கலைக்கழகமோ கட்டி, குறைந்த கட்டணத்தில் காலையும் மாலையும் பள்ளிகளுக்குத் திறந்துவிட்டால்தான் விளையாட்டு மக்களுடையதாகும். அதையும் கைவிட்டுவிடும் அபாயம் உண்டு: 2011-ல் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுக்காக டேராடூனில் கட்டிய தளம் பல ஆண்டுகள் பயன்பாடின்றிக் கிடந்து, இப்போதுதான் புதுப்பிக்கப்பட்டிருக்கிறது.

மலைப்பனி விளையாட்டுகளைப் பற்றி அதிகம் எழுத எனக்கு விருப்பமில்லை. துபாயில் 2005-ல் வணிக வளாகத்துக்குள் 400 மீட்டர் நீளச் சறுக்குச் சரிவு கட்டினார்கள். அது சுற்றுலாவுக்கு நல்லது, ஆனால் அத்தனை மின்சாரத்தைச் செலவிட்டு ஓர் ஏழைப் பிள்ளைக்கு என்ன கிடைக்கும் என்பது எனக்கு விளங்கவில்லை. காஷ்மீரின் குல்மார்கிலேயே இந்த ஆண்டு பிப்ரவரியில் போதிய பனி விழாமல் கேலோ இந்தியா போட்டிகளை மார்ச்சுக்குத் தள்ளிவைத்தார்கள். மலையிலும் பனி நிச்சயமில்லாத காலம் இது. அதனாலேயே சிறிய, நன்கு காப்பிட்ட, வெளியேற்றும் வெப்பத்தை நீர் சூடாக்கவும் காற்றை உலர்த்தவும் பயன்படுத்தும் ஐஸ் தளங்களின் பக்கம் என் மனம் நிற்கிறது. லடாக்கின் பெண்களை முதுகெலும்பாகக் கொண்ட இந்திய மகளிர் ஐஸ் ஹாக்கி அணி இந்த ஆண்டு ஆசியக் கோப்பையில் வெண்கலம் வென்றது, அதுவும் ஐக்கிய அரபு அமீரகத்தில், பாலைவனத்து நடுவே அமைந்த தளத்தில் என்பதைப் படித்தபோது நான் எவ்வளவு மகிழ்ந்தேன் தெரியுமா?

உன்னிடம் சில விவரங்கள் வேண்டும். பேத்தி பழகும் தளம் சிமென்டா, மரமா, செயற்கைப் பூச்சா? வளைவுகளில் சரிவு கொடுத்திருக்கிறார்களா? சக்கரங்கள் ஒரே வரிசையில் உள்ள இன்லைன் காலணியா, இரண்டிரண்டாக உள்ள நான்கு சக்கரக் காலணியா? வேகப் பந்தயத்தில் அவளுக்கு விருப்பம் இருந்தால் இன்லைனுக்கு இப்போதே மாறுவது நல்லது என்று இங்குள்ள பயிற்சியாளர்கள் சொல்கிறார்கள்; காலணி அளவை எழுதினால், அடுத்த மாதம் ஊருக்கு வரும் மருமகளிடம் கொடுத்தனுப்புகிறேன். உன் பழைய மாணவர்களில் மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் இருப்பவர் யாராவது இருந்தால், ஒரு சிறு ஐஸ் தளத்துக்கான மின் கணக்கையும் கட்டட வரைவையும் கட்டணமின்றித் தயாரித்துத் தர நான் ஆயத்தமாக இருக்கிறேன் என்று அவரிடம் சொல்லி, முகவரியையும் வாங்கி அனுப்பு.

வீட்டில் அனைவரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ராமநாதன்