ரெக்கார்டர் பாக்ஸ் கேட்டு வரும் வாடிக்கையாளர்களுக்கு

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

"சீரியலை ரெக்கார்டு பண்ணணும், பெங்களூர்ல இருக்கிற பையன் அங்கிருந்தே பார்க்கணும். அந்த மாதிரி டிஷ் பாக்ஸ் இருக்கா?" தர்மபுரியில் நம் கடைக்கு வருபவர்களில் பலரும் இப்போது கேட்பது இதைத்தான். இருக்கிறது என்று சொல்லி ஒரு பெட்டியை எடுத்துக் கொடுப்பது எங்களுக்குச் சுலபம். மாட்டிய பிறகு நினைத்தது நடக்கவில்லை என்றால் உங்களுக்கும் வருத்தம், எங்களுக்கும் வருத்தம். அதனால் விவரமாகவே எழுதிவிடுகிறோம். படித்துவிட்டு வேண்டாம் என்று தோன்றினால் வாங்காதீர்கள், நாங்கள் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டோம்.

இதில் மூன்று தனித்தனி வேலைகள் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. வெளியூரில் இருந்துகொண்டு போன் வழியாக "இதைப் பதிவு செய்" என்று வீட்டுப் பெட்டிக்குச் சொல்வது ஒன்று. பதிவானதை அதே வீட்டுக்குள் வைஃபை மூலம் வேறு அறையில், போனிலோ டேப்லெட்டிலோ பார்ப்பது இன்னொன்று. வீட்டுப் பெட்டியில் ஓடுவதை வேறு ஊரில் உட்கார்ந்து பார்ப்பது மூன்றாவது. அட்டைப்பெட்டி மேல் மூன்றுக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி விளம்பரம்தான் இருக்கும்.

முதல் இரண்டும் பெரிய விஷயம் இல்லை. டாடா ஸ்கை (2022 முதல் டாடா ப்ளே) தன் ப்ளஸ் ரெக்கார்டரை 2008-இலேயே இங்கே கொண்டுவந்துவிட்டது. போனில் கொடுத்த கட்டளையைச் செயற்கைக்கோள் வழியாகவே பெட்டிக்கு அனுப்பும் ஏற்பாடு இருந்தால், வீட்டில் நெட் இல்லாவிட்டாலும் பதிவு நடந்துவிடும். வீட்டுக்குள் பார்ப்பதற்கு ஒரு ரூட்டர் போதும்.

வம்பு மூன்றாவதில்தான். பையன் பெங்களூரில் படம் பார்க்க வேண்டுமென்றால், அந்தப் படம் உங்கள் வீட்டிலிருந்து நெட் வழியாக வெளியே போக வேண்டும். நெட் கம்பெனிக்காரர் வேகம் என்று சொல்வது பெரும்பாலும் உள்ளே வரும் வேகத்தை. வெளியே போகும் வேகம், அதாவது அப்லோடு, ஃபைபர் லைனில் நன்றாக இருக்கும். சிம் போட்ட டாங்கிளிலோ போன் ஹாட்ஸ்பாட்டிலோ நேரத்துக்கு நேரம் மாறும். போன் திரை அளவுக்குச் சுமாராகத் தெரியவே நொடிக்கு 2 மெகாபிட் (எம்.பி.பி.எஸ்.) விடாமல் போய்க்கொண்டிருக்க வேண்டும். அந்தக் கணக்கில் ஒரு மணி நேரத்துக்கு 900 எம்.பி. ஆகும். பையன் போனில் தினம் 1.5 ஜி.பி. திட்டம் என்றால் இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது.

இன்னொரு சிக்கல் வெளியே தெரியாது. பல நெட் நிறுவனங்கள் ஒரே இணைய முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டுத் தருகின்றன. வீட்டிலிருந்து வெளியே போய்ப் பார்க்க அது தடை இல்லை. வெளியிலிருந்து உங்கள் வீட்டுப் பெட்டியைத் தேடி நேராக உள்ளே வருவதற்குத் தடை. அதனால் இந்த மாதிரிப் பெட்டிகள் இடையில் தயாரித்த நிறுவனத்தின் சர்வரை நம்பி ஓடுகின்றன. சர்வரை மூடினால் பெட்டியின் கதையும் முடிந்தது. ஸ்லிங்பாக்ஸ் என்று அமெரிக்காவில் 2005-இல் வந்த கருவி இந்த வேலைக்கே பேர் போனது. வீட்டு டிவியை உலகத்தில் எங்கிருந்தும் பார்க்கலாம் என்று ஆசை ஆசையாக வாங்கினார்கள். 2020-இல் விற்பனையை நிறுத்தினார்கள். 2022 நவம்பர் 9-ஆம் தேதி சர்வரையும் அணைத்துவிட்டார்கள். நல்ல நிலையில் இருந்த பெட்டிகள் அன்றோடு உபயோகமில்லாமல் போயின. பழைய கருவி மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது இணையத்தில் காட்டினால் இதை நினைவில் வையுங்கள்.

சரி, அப்படியானால் பையன் என்ன செய்வது? அவனுக்கு வீட்டுப் பெட்டியே தேவையில்லை என்பதுதான் எங்கள் எண்ணம். சன் டிவி சீரியல் சன் நெக்ஸ்ட் ஆப்பில் இருக்கிறது, விஜய் டிவி ஜியோஹாட்ஸ்டாரில், ஜீ தமிழ் ஜீ5-இல். ஜியோ சிம் வைத்திருப்பவர்கள் ஜியோடிவியில் பல சேனல்களின் கடந்த 7 நாள் நிகழ்ச்சிகளைப் பின்னோக்கிப் போய்ப் பார்க்கலாம். டிஷ் நிறுவனங்களும் தங்கள் ஆப்பில் சேனல்களைக் காட்டுகின்றன. இவற்றில் எதற்கும் உங்கள் வீட்டு அப்லோடு வேண்டாம், உங்கள் வீட்டில் கரண்ட் இருக்கிறதா என்ற கவலையும் இல்லை.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி நகரங்களில் ஃபைபர் நெட் போட்ட வீடுகளில் வெளியூரிலிருந்து பார்க்கும் வசதி நன்றாக வேலை செய்யும், ஆனால் அந்த வீடுகளுக்கு ரெக்கார்டரே அவசியமில்லை, எல்லாம் ஆப்பில் கிடைத்துவிடுகிறது. சித்தேரி, வத்தல்மலை, அஞ்செட்டிப் பக்கம் நெட் சரியாக எட்டாத இடங்களில் ரெக்கார்டர் உண்மையிலேயே உபயோகமானது, ஆனால் அங்கே வெளியூரிலிருந்து பார்க்கும் வசதிக்கு வழியில்லை. இரண்டையும் சேர்த்துச் செய்யும் விலை உயர்ந்த பெட்டியால் முழுப் பயன் அடையும் வீடு நம் இரண்டு மாவட்டங்களிலும் குறைவுதான். ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்ப்பவர்களும் எங்களிடம் கேட்கிறார்கள். அவர்களுக்கும் சாதாரண ரெக்கார்டர் போதும், இல்லையென்றால் ஒரு ஆப்.

அப்புறம், ரெக்கார்டர்தான் வேண்டும் என்று முடிவு செய்தவர்கள் கவனிக்க வேண்டியவை. எச்.டி. சேனல் நொடிக்கு 8 மெகாபிட் என்று வைத்துக்கொண்டால் ஒரு மணி நேரப் பதிவுக்கு 3.6 ஜி.பி. பிடிக்கும். 500 ஜி.பி. ஹார்ட் டிஸ்கில் 130 மணி நேரத்துக்கு மேல் நிற்கும். தினம் மூன்று சீரியல் பதிவு செய்தாலும் பார்த்ததை அழித்துவந்தால் இதுவே தாராளம். 1 டி.பி. வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களில் பலர் பாதியைக்கூட நிரப்புவதில்லை.

ஒன்றைப் பார்த்துக்கொண்டே இன்னொன்றைப் பதிவு செய்ய இரண்டு டியூனர் (சேனலைப் பிடிக்கும் பகுதி) உள்ள பெட்டி வேண்டும். பல பெட்டிகளுக்கு அதற்காக மாடியில் டிஷ்ஷின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் எல்.என்.பி. என்ற கருவியிலிருந்து இரண்டு கேபிள் தனித்தனியாக இறங்க வேண்டும். பழைய ஒற்றைக் கேபிளை அப்படியே மாட்டிவிட்டு, அம்மா ஒரு சேனல் பார்க்கும்போது வேறு சேனல் பதிவாகவில்லை என்று வருத்தப்படும் வீடுகள் உண்டு. கேபிளுக்கும் ஆள் கூலிக்கும் ஆகும் செலவைப் பெட்டி விலையோடு சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

பதிவு செய்ததைப் பென் டிரைவில் ஏற்றி ஊருக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்கிறீர்கள். கட்டணச் சேனல்களில் முடியாது. அந்தப் பதிவு பூட்டுப் போட்டு, அந்த ஒரு பெட்டியில் மட்டும் ஓடும்படி எழுதப்படுகிறது. டிஸ்கைக் கம்ப்யூட்டரில் செருகினால் ஒன்றும் தெரியாது. பெட்டி பழுதாகி வேறு பெட்டி வந்தால் பழைய பதிவுகள் போனது போனதுதான். பெரும்பாலான பெட்டிகளில் ரீசார்ஜ் தீர்ந்தாலும் பதிவுகள் திறக்காது. ஆகவே கல்யாண வீடியோ மாதிரிப் பத்திரப்படுத்த வேண்டியவற்றை இதில் வைக்க நினைக்காதீர்கள். தூர்தர்ஷனின் டிடி ஃப்ரீ டிஷ் பார்ப்பவர்களுக்கு நிலைமை வேறு. கடையில் கிடைக்கும் சாதாரண இலவசப் பெட்டியில் பென் டிரைவ் செருகிப் பதிவு செய்தால் அந்தக் கோப்பு பல நேரம் கம்ப்யூட்டரிலும் ஓடும். ஃபேட்32 என்ற கோப்பு முறையில் ஃபார்மட் செய்த பென் டிரைவில் ஒரு கோப்பு 4 ஜி.பி.யைத் தாண்ட முடியாது, நீளமான படம் துண்டு துண்டாகப் பதிவானால் பயப்பட வேண்டாம்.

ஒகேனக்கல் பக்கம் லாட்ஜ் நடத்தும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டு இணைப்பில் எடுத்த பெட்டியை அறைகளுக்கெல்லாம் பிரித்துக் காட்டக் கூடாது, வணிக இணைப்பு தனி. அதைத் தனியாக வந்து கேளுங்கள்.

பதிவு தவறுவதற்கு நாங்கள் பார்க்கும் முதல் காரணம் பெட்டியின் கோளாறு அல்ல, சுவரில் உள்ள சுவிட்ச். இரவு படுக்கும்முன் பிளக்கை அணைத்துவிட்டுப் படுப்பது நம் ஊர்ப் பழக்கம். அணைந்த பெட்டி எதையும் பதிவு செய்யாது, ரிமோட்டால் ஸ்டாண்ட்பையில் போடுங்கள். மின்வாரியம் பராமரிப்புக்காகப் பகல் முழுக்க மின்சாரத்தை நிறுத்தும் நாளிலும் இதே கதைதான், இன்வெர்ட்டர் இருந்தால் பெட்டியின் பிளக்கை அதில் சேர்த்துவிடுங்கள். மழைக்கு ரெக்கார்டர் எந்த உதவியும் செய்யாது. கோடை மழை இடியோடு கொட்டும் அந்த அரை மணி நேரத்தில் டிவியில் படம் போனால் பதிவிலும் வெற்றுத் திரைதான் இருக்கும்.

நிறுவனத்தைத் தேர்வு செய்யும்போது பேக்கேஜ் விலையோடு வானத்தையும் பாருங்கள். டாடா ப்ளேயின் செயற்கைக்கோள் 83 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைக்கு மேலே நிற்கிறது. நம் ஊரிலிருந்து பார்த்தால் ஏறக்குறைய உச்சியில், தெற்கே சற்றுக் கிழக்குத் தள்ளி. ஏர்டெல் 108.2 டிகிரி, அதாவது கிழக்குப் பக்கம் வெகுவாகச் சாய்ந்து, பாதி வானத்துக்குச் சற்று மேலே. கிழக்கே தென்னந்தோப்போ மாந்தோப்போ ஒட்டியிருக்கும் வீட்டுக்கு இது பெரிய வித்தியாசம். டிஷ் மாட்டியபோது குட்டையாக இருந்த தென்னை நாலைந்து வருடத்தில் மட்டையை நீட்டி மறைத்துவிடும். மற்ற டிஷ்களும் ஃப்ரீ டிஷ்ஷும் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ வரும். ஒரு நிறுவனத்தின் பெட்டி இன்னொரு நிறுவனத்தின் இணைப்பில் ஓடாது என்பதால், பெட்டி வாங்கிய பிறகு மனம் மாறினால் அந்தப் பணம் வீண்.

கடைக்கு வரும்போது மாடியில் நின்று கிழக்கும் தெற்கும் தெரியும்படி இரண்டு போட்டோ எடுத்து வாருங்கள். வீட்டில் நெட் இருந்தால் இரவு எட்டு மணி வாக்கில் வேகம் சோதித்து, அதில் அப்லோடு எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். பழைய டிஷ் இருந்தால் கேபிள் ஒன்றா இரண்டா என்று பார்த்து வாருங்கள். தொலைவில் இருப்பவர்கள் இவற்றை வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் போதும், பார்த்துவிட்டுப் பதில் சொல்கிறோம். மாட்டிவிட வரும் பையன் அரூர், பாலக்கோடு, ஊத்தங்கரைப் பக்கங்களுக்கும் வருவான், ஒரு நாள் முன்னதாகச் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கடையினர்,
தர்மபுரி