டெரியர் எஞ்சினின் டிராயிங்குகளைத் தேடிக் கொடுத்த எல்லாருக்கும்

ஆங்கிலேய நண்பர்களுக்கு அவர்கள் மொழியில் தனித்தனியாக நன்றி எழுதி அனுப்பியாயிற்று. இதைத் தமிழில் எழுதுவதற்குக் காரணம், உதவியவர்களில் சிலர் நம் ஆட்கள். அதோடு ‘இந்தப் பழைய ரயில் படங்களை வைத்துக்கொண்டு என்னதான் செய்யப்போகிறாய்’ என்று கேட்டுக்கொண்டே இருக்கும் சொந்தக்காரர்களுக்கும் ஒரே மூச்சில் பதில் சொன்னதாக இருக்கும்.

விஷயம் இதுதான். இங்கிலாந்தின் லண்டன் பிரைட்டன் ரயில்வேக்காக வில்லியம் ஸ்ட்ரவுட்லி என்ற பொறியாளர் வடிவமைத்த ஏ1 வகை நீராவி எஞ்சின், எல்லாரும் டெரியர் என்று கூப்பிடுவது, முதலில் கட்டப்பட்டபோது எப்படி இருந்ததோ அதே நிலையில் முழு டிராயிங் தொகுப்பாகக் கம்ப்யூட்டரில் வரைந்து முடித்திருக்கிறேன். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், காசு வேண்டாம். மாடல் செய்கிறவர்கள் செய்யுங்கள், சும்மா பார்க்கிறவர்கள் பாருங்கள்.

1872 முதல் 1880 வரை பிரைட்டன் பட்டறையில் 50 டெரியர்கள் கட்டினார்கள். குட்டி எஞ்சின், ஆறே சக்கரம், ஒவ்வொன்றும் சுமார் 4 அடி விட்டம். லண்டனின் புறநகர்ப் பாதைகளிலும், தேம்ஸுக்கு அடியில் புரூனல் குடும்பம் தோண்டிய சுரங்கத்தின் வழியாகவும் பெட்டிகளை இழுத்தது. இன்றைக்கு மிச்சமிருப்பது 10. இவ்வளவு பேர் போன எஞ்சினுக்கு டிராயிங் கிடைக்காதா என்று நீங்கள் நினைக்கலாம். கிடைக்கும், ஆனால் எந்த டெரியரின் டிராயிங் என்பதில்தான் தலைவலி. 1911-க்குப் பிறகு பல எஞ்சின்களுக்குப் புது பாய்லரும், அதன் முன்பக்கம் புகை சேரும் புகைப்பெட்டியை நீளமாகவும் வைத்து ஏ1எக்ஸ் என்று மாற்றினார்கள். சில எஞ்சின்கள் இங்கிலாந்தின் தென்கரையை ஒட்டிய வைட் தீவுக்குப் போயின, சில கென்ட்டில் இருந்த சின்ன ரயில்வேக்களுக்கு விற்கப்பட்டன, வாங்கியவர்கள் ஆளாளுக்குக் கை வைத்தார்கள். பட்டறையில் மாற்றம் வரும்போது புது டிராயிங் போட நேரமில்லாவிட்டால் பழைய டிரேசிங்கிலேயே (பிரதி எடுக்க ஒளி ஊடுருவும் துணியில் வரைந்த படம்) பிளேடால் மையைச் சுரண்டிவிட்டு மேலே புதுக்கோடு போட்டுவிடுவார்கள். அப்படிச் சுரண்டின தாளை வைத்துக்கொண்டு 1872-ஐத் தேடுவது, துவைத்த வேட்டியில் பழைய கறையைத் தேடுகிற கதைதான்.

அந்தக் கறையை எனக்குக் காட்டிக்கொடுத்தவர் ஓய்வுபெற்ற டிராயிங் ஆபீஸ்காரர் ஒருவர். பெயர் போட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், அதனால் பெரியவர் என்றே சொல்கிறேன். தாளைச் சாய்வான வெளிச்சத்தில் பிடித்தால் சுரண்டிய இடம் சொரசொரப்பாகத் தெரியும், அதில் பழைய கோட்டின் பள்ளம் இருக்கும் என்று சொல்லித்தந்தவர் அவர்தான். வண்ணம் பூசிய பழைய டிராயிங்கில் நீலம் என்றால் தேனிரும்பு, சாம்பல் என்றால் வார்ப்பிரும்பு, மஞ்சள் என்றால் பித்தளை, ஊதா என்றால் எஃகு என்று படிக்கவும் பழக்கினார். நடுநடுவே கதையும் உண்டு. டிரேசிங் துணி என்பது கஞ்சி ஏற்றிய நல்ல லினன், துவைத்துக் கஞ்சியை எடுத்துவிட்டால் அருமையான கைக்குட்டை ஆகிவிடும், வேண்டாத தாள்கள் பல அப்படித்தான் வீடுகளுக்குப் போயின என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார், எனக்குத்தான் வயிறு எரிந்தது.

யார்க்கில் இருக்கும் தேசிய ரயில்வே அருங்காட்சியகத்தின் வாசிப்பறை ஊழியர்களுக்குப் பெரிய கும்பிடு. பிரைட்டன் பட்டறைப் பட்டியலில் ஓர் எண்ணும் ஒரு வரித் தலைப்பும்தான் இருக்கும், எது உபயோகப்படும் என்று எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். நான் கேட்டது ஒன்று, அவர்கள் பக்கத்திலிருந்த சுருளையும் சேர்த்து எடுத்துவந்து ‘இதையும் பாருங்களேன்’ என்றார்கள், அந்தப் பக்கத்துச் சுருளில்தான் தண்ணீர்த் தொட்டிக் குழாய்கள் இருந்தன. அங்கே வாங்கிய பிரதிகளை அப்படியே பொதுவில் போட முடியாது, அதற்கு அனுமதி வேறு. அதனால் நான் பகிர்ந்திருப்பது அளவுகளைப் பார்த்துப் புதிதாக வரைந்தவை மட்டும், தயவுசெய்து மூலப்படம் கேட்டு எனக்கு எழுதாதீர்கள்.

அந்தக் குழாய்களுக்கு ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்றால், ஸ்ட்ரவுட்லியின் சாமர்த்தியமே அதில்தான். சிலிண்டரிலிருந்து வெளியேறும் நீராவியில் கொஞ்சத்தைப் பக்கத் தொட்டிக்குள் விட்டுத் தண்ணீரைச் சூடாக்கினார், பாய்லருக்குப் போகும் தண்ணீர் முன்கூட்டியே சூடாகிவிட்டால் கரி மிச்சம். ஆனால் நீராவி வேகத்தில் தண்ணீரை பாய்லருக்குள் தள்ளும் இன்ஜெக்டர் சூடான தண்ணீரை இழுக்காது, ஆகவே பிஸ்டன் தண்டின் முனையில் முன்னும் பின்னும் ஓடும் கிராஸ்ஹெட்டோடு சேர்ந்து ஓடும் பம்ப் வைத்தார். பின்னாளில் பம்பைக் கழற்றிவிட்டு இன்ஜெக்டர் போட்ட எஞ்சின்களைப் பார்த்து மாடல் செய்தவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை. என் கணக்கில் பம்ப் இல்லாத ஏ1 பாதி எஞ்சின்தான், சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம்.

குரோய்டனில் அச்சுக்கடை வைத்திருக்கும் அண்ணனுக்கு எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. அடிக்கு ஒன்றரை அங்குலம் என்ற அளவில் வரைந்த பக்கவாட்டுப் படம் ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம் வரும், வீட்டு ஸ்கேனரில் நடக்கிற காரியமா? கட்டட பிளான் ஸ்கேன் செய்கிற தன் பெரிய மெஷினைக் கடை மூடின பிறகு எனக்காகத் திறந்துவைத்தார். நொறுங்கும் தாள்களைப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து மெஷினுக்குள் மெதுவாக விட்டது அவருடைய மகள். காசு நீட்டினேன், ‘எடுத்து வையும் தம்பி’ என்று அதட்டிவிட்டு டீ போட்டுக் கொடுத்தார். பழைய தாள் ஈரத்தில் நீளவாக்கில் ஒரு மாதிரியும் குறுக்குவாக்கில் வேறு மாதிரியும் சுருங்கும் என்பதால், எழுதியிருக்கும் அளவை வைத்துத்தான் சரிசெய்ய வேண்டும். முதல் சக்கரத்துக்கும் கடைசிச் சக்கரத்துக்கும் 12 அடி, அதை வைத்து நீளவாட்டத்தைப் பிடித்தோம், உயரத்தைத் தனியாகப் பிடித்தோம். அந்தக் கணக்கை உட்கார்ந்து போட்டதும் அதே மகள்தான், பதினோராம் வகுப்பு.

சசெக்ஸில் ஒரு அம்மையார், காலமான தன் கணவர் மாடல் எஞ்சினுக்காகச் சேர்த்துவைத்த ப்ளூப்ரிண்ட் சுருள்களைக் கார் டிக்கியில் போட்டுக்கொண்டு வந்து என் வாசலில் இறக்கினார். ஓரங்களில் அந்தக் கணவர் பென்சிலில் எழுதிவைத்த குறிப்புகள் பல இடங்களில் அச்சிட்ட அளவைவிட நம்பகமாக இருந்தன, ஏனென்றால் அவர் டேப்போடு போய் நிஜ எஞ்சினை அளந்தவர். அந்தக் குறிப்புகளை நீக்காமல், அவருடையவை என்று தெரியும்படி தனி நிறத்தில் சேர்த்திருக்கிறேன். அம்மா, சுருள்கள் பத்திரமாக இருக்கின்றன, நீங்கள் சொன்னபடி அடுத்த மாதம் அருங்காட்சியகத்துக்குப் போய்விடும்.

யார்க்கில் நிற்கும் 1880-ஆம் வருடத்து பாக்ஸ்ஹில் என்ற டெரியரை எல்லாக் கோணத்திலும் படமெடுத்து அனுப்பியவர், சசெக்ஸில் பழைய எஞ்சின்களை ஓட்டிக் காட்டும் புளூபெல் ரயில்வேயில் எண்ணெய்க் கையோடு என் கேள்விக்கெல்லாம் பதில் சொன்ன தன்னார்வலர்கள், கனடாவுக்குப் போய்ச்சேர்ந்த வாடன் என்ற டெரியரின் பிரேக் கம்பிகளை ஸ்கேலை வைத்துப் படமெடுத்துத் தந்த தம்பி, எல்லாருக்கும் நன்றி. தம்பி, அந்த இரண்டாவது படத்தில் உன் கட்டைவிரல் ஒரு போல்ட்டை மறைக்கிறது, முடிந்தால் திரும்ப எடு.

சரி, இன்னும் ஒரு பாக்கி. பம்ப்பின் வால்வுப் பெட்டி வரும் தாளின் வலது ஓரம் கிழிந்துபோயிருக்கிறது, அந்த இடத்தைத் தொகுப்பில் புள்ளிக்கோடாக விட்டிருக்கிறேன். யார் வீட்டுப் பரணிலாவது அந்தத் தாள் முழுசாக இருந்தால் சொல்லுங்கள். மடிந்தது, கறை பட்டது, எலி கடித்தது எதுவானாலும் பரவாயில்லை, தபால் செலவு என்னுடையது.