வரைபடத்தில் எங்கள் வீடு எங்கே?

கட்டட வரைபடங்களுக்கு அனுமதி வழங்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். தியாகராய நகரில் பழைய வீடுகள் ஏன் விரிசல் விடுகின்றன என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மனுக்களெல்லாம் உங்கள் மேஜையில்தான் இருக்கின்றன. அதில் மூன்று என்னுடையவை.

பக்கத்து மனையில் பைலிங், அதாவது அஸ்திவாரத் தூண்களுக்கு நிலத்தை ஆழமாகத் துளைக்கும் வேலை, தொடங்கிப் பதினேழு நாள் ஆகிறது. முக்காலி நட்டு, வின்ச்சில் சிசல் என்ற கனத்த இரும்பு உளியை ஏற்றி ஏற்றிப் போடுகிறார்கள். ஒவ்வொரு அடிக்கும் எங்கள் சமையலறையில் டபராவுக்குள் டம்ளர் கிணுகிணுக்கிறது. எங்களுடையது மெட்ராஸ் டெரஸ் வீடு; மரக்கட்டைகளின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய கூரை. கட்டைகளுக்கு நடுவிலிருந்து சுண்ணாம்பு உதிர்வதால் அம்மாவின் கட்டிலுக்கு மேலே பழைய வேட்டி ஒன்றைக் கட்டியிருக்கிறோம். காலையில் அதை அவிழ்த்து உதறுவது என் வேலை. பூஜை அறைச் சுவரில் மயிரிழை மாதிரி இருந்த விரிசல் வளர்கிறதா என்று பார்க்க அதன் குறுக்கே கண்ணாடிச் சில்லு ஒன்றை ஒட்டித் தேதி எழுதி வைத்தேன். நான்காம் நாள் இரண்டாக உடைந்தது. மேஸ்திரியிடம் காட்டினேன். "பழைய வீடுன்னா அப்படித்தான் சார்" என்றார். உங்கள் அலுவலகத்திலோ, விரிசல் முன்பே இவ்வளவு பெரிதாக இல்லை என்பதற்கு ஆதாரம் கேட்டார்கள்.

கேட்க வேண்டியதுதான். ஆனால் அனுமதி கொடுக்கும் முன்பு கேட்டிருக்க வேண்டும். நீங்கள் அனுமதித்த பக்கத்து மனை வரைபடத்தைப் பார்த்தேன். கார் நிறுத்துமிடம் அங்குலக் கணக்கில் இருக்கிறது. எங்கள் வீட்டுக்கு ஒரு வெற்றுக் கட்டம், உள்ளே 'அயலார் கட்டடம்'. என் வேண்டுகோள் ஒன்றே ஒன்று: அந்தக் கட்டத்தை நிரப்பிய பிறகு அனுமதி கொடுங்கள். அயல் வீட்டின் அஸ்திவார ஆழம், இருக்கும் விரிசல், தள மட்டம் எல்லாம் படத்தோடு கோப்பில் ஏறட்டும். வேலை நடக்கும்போது அதிர்வுமானி எங்கள் சுவரடியில் இருக்கட்டும்.

பைலிங் முடிந்தால் தீர்ந்துபோகும் விஷயமும் அல்ல இது. சென்னையை 2002-இல் நிலநடுக்க வரைபடத்தில் இரண்டாம் மண்டலத்திலிருந்து, ஆபத்து அதிகமான மூன்றாம் மண்டலத்துக்கு மாற்றினார்கள். 1985 செப்டம்பர் 19 அன்று மெக்சிகோ நகரத்தில் நடந்தது உங்கள் பொறியாளர்களுக்குத் தெரியும். நடுக்கம் பிறந்தது 350 கிலோமீட்டருக்கும் அப்பால். பழைய ஏரிப்படுகைக் களிமண் அதைப் பெருக்கி ஆட்டியது. ஒட்டி நின்ற கட்டடங்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. நம் பேட்டையும் 1920-களில் ஏரியைத் தூர்த்து எழுந்ததுதான். அந்த மண்ணும் இந்த மண்ணும் ஒன்றல்ல, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எங்கள் கூரை பதிமூன்று அடி உயரம், அவர்களுடைய முதல் மாடித் தளம் பத்தடியில். நடுவே என் கை மட்டும் நுழையும். இரண்டும் வெவ்வேறு வேகத்தில் ஆடினால் அந்தத் தளத்தின் விளிம்பு எங்கள் சுவரில்தான் இடிக்கும். தளங்கள் ஒரே மட்டத்தில் இல்லாவிட்டால் இடைவெளி கூடுதலாக வேண்டும் என்று நிலநடுக்கத்துக்கான இந்தியக் கட்டட விதித்தொகுப்பு ஐ.எஸ். 1893 சொல்கிறது. நாங்கள் வெற்றுக் கட்டமாயிற்றே, மட்டத்தை எதோடு ஒப்பிட்டுப் பார்த்தீர்கள்?

வாசல் பலகையில் 'நிலநடுக்கம் தாங்கும் கட்டடம்' என்று பெரிதாக எழுதியிருக்கிறார்கள். நல்லது, தாங்கட்டும். சாய்ந்துகொள்ளத்தான் பக்கத்தில் நாங்கள் இருக்கிறோமே!

வார்த்தை தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் சுவரை ஒட்டிய மேற்கு வரிசைப் பைல்களைத் திங்கட்கிழமை தொடங்குகிறார்களாம். அதற்குள் ஒருவரை அனுப்பி எங்கள் வீட்டையும் வரைபடத்தில் ஏற்றும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். எந்த நேரம் வந்தாலும் வீட்டில் ஆள் இருக்கும். உடைந்த சில்லைச் சுவரிலிருந்து எடுக்கவில்லை.

இப்படிக்கு,
'அயலார் கட்டட'த்தில் குடியிருப்பவன்