கைப்பிடி நடுவில் ஒரு கோடு

மாப்ளே,

அம்மாவுக்கு முட்டிவலி தேவலை, உன்னைக் கேட்டாள். கோத்தகிரியில் மழை விட்டபாடில்லை. வாத்தியார் ரிட்டயராகி ஊட்டிக்கே வந்துவிட்டார், இன்னமும் உன்னை ‘டீ பன்’ என்றுதான் விசாரிக்கிறார். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

தேயிலைக் கத்தரிக் கைப்பிடிக்கு, உருகிய பிளாஸ்டிக் அச்சுக்குள் எப்படி ஓடும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டு நீ அனுப்பிய சிமுலேஷன் படங்களைப் பார்த்தேன். கேவிட்டி, அதாவது அச்சின் உள்குழி, முழுசாக நிரம்புகிறது, பிரஷரும் மெஷினுக்குள் அடங்குகிறது, அச்சுக்கு ஸ்டீல் வெட்டலாமா என்று கேட்டிருக்கிறாய். வெட்டாதே.

இரண்டு முனையிலும் கேட், அதாவது பிளாஸ்டிக் உள்ளே நுழைகிற வாய், வைத்திருக்கிறாய். இரண்டு பக்கமும் ஓடி வருகிற மெல்ட், அந்த உருகிய பிளாஸ்டிக், கைப்பிடியின் நடுவில் வந்து முட்டுகிறது, இரண்டும் ஒட்டுகிற வெல்ட் லைன் சரியாக அங்கேதான் விழுகிறது. நீ போடப்போவது 30 சதவீதம் கண்ணாடி இழை சேர்த்த நைலான். மெல்ட்டின் முகப்பு நடுவிலிருந்து சுவரை நோக்கி விரிந்துகொண்டே போவதால் முகப்பில் இருக்கிற இழைகள் குறுக்கே படுத்துவிடும், இரண்டு முகப்பும் சேரும்போது ஒரு பக்கத்து இழை மறுபக்கம் நுழையாது. அந்தக் கோட்டில் சுமையைத் தாங்குவது ஏறக்குறைய வெறும் நைலான்தான். மற்ற இடத்து பலத்தில் பாதிகூட அங்கே இல்லாமல் போகலாம். அத்தை காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் ஈரக் கையோடு சரிவில் நின்று கத்தரி பிடிக்கிறவள். அது திடீரென்று ஒடிந்தால் கத்தி எந்தப் பக்கம் திரும்பும் என்று யோசித்தேன், அதற்கப்புறம் எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஒரு முனையில் மட்டும் கேட் வை. பிரஷர் ஏறும், ஏறட்டும். ஸ்க்ரூ ஓட்டையைச் சுற்றிப் பிரிந்து சேருகிற இடத்தில் மட்டும் ஒரு சின்னக் கோடு மிஞ்சும், அதை வளைகிற பக்கத்திலிருந்து தள்ளி வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம் மெட்டீரியல். சாஃப்ட்வேர் லைப்ரரியில் இருந்த ஏதோ ஒரு பொது நைலானைத் தேர்ந்தெடுத்திருக்கிறாய், இதைத்தான் என்னால் தாங்கவே முடியவில்லை. வேகமாகத் தள்ளத் தள்ள மெல்ட் இளகும், எவ்வளவு இளகும் என்பது கிரேடுக்கு கிரேடு மாறும். அந்த எண்களைப் பிழையாகக் கொடுத்தாலும் படம் அதே அழகான கலரில்தான் வரும்.

இன்னொன்று, கைப்பிடியின் அடிப்பகுதி 8 மில்லிமீட்டர் தடிமன். 1978இல் மெல்போர்னில் காலின் ஆஸ்டின் மோல்டுஃப்ளோ என்ற சிமுலேஷன் கம்பெனியைத் தொடங்கிய காலத்தில் பாகத்தைத் தட்டையாக விரித்துப் போட்டுத்தான் கணக்குப் பார்த்தார்கள். நீ ஓட்டியிருக்கிற ஷெல் மெஷும், பாகத்தை மெல்லிய ஓடாக எடுத்துக்கொள்கிற அந்தக் கணக்கு வலையும், சுவர் மெல்லியது, ஓட்டம் சுவரோடு சேர்ந்தே போகும் என்று நம்பித்தான் கணக்குப் போடுகிறது, மெல்லிய டப்பாவுக்கு அது போதும். இந்தத் தடிமனுக்கு உள்ளேயும் சேர்த்துக் கணக்குப் போடுகிற முழு 3டி மெஷ் வேண்டும். தடிமன் இரட்டித்தால் ஆறுகிற நேரம் ஏறக்குறைய நாலு மடங்கு, வெளியே உறைந்த பிறகும் உள்ளே சூடாகவே இருந்து சுருங்கி ஓட்டை விழும். அங்கே உள்பக்கம் குடைந்து, பலத்துக்கு விலா எலும்பு மாதிரி ரிப் கொடு.

கிரேடு பெயர், டேட்டா ஷீட், 3டி ஃபைல் மூன்றையும் இன்றைக்கே அனுப்பு, நான் ஓட்டித் தருகிறேன். காசு பேச்சை எடுத்தால் வாத்தியாரிடம் சொல்லிவிடுவேன். அச்சு செய்கிற டைமேக்கரிடமும் நானே பேசுகிறேன். இப்போது கேட்டை மாற்றுவது டிராயிங்கில் முடிகிற வேலை, ஸ்டீல் வெட்டிவிட்டால் வெல்டிங் வைத்து அடைத்துத்தான் மாற்ற வேண்டும்.

மச்சான்