வாயில் வந்த வாடை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மாவுச்சத்தைக் குறைத்தால், உடல் கொழுப்பை எரிக்கத் தொடங்கியதை எப்படி அறிவது என்று ஜார்ஜ்டவுனில் காலை நடைக்கு வரும் நண்பர்கள் கேட்கிறார்கள். என் கதையைச் சொல்கிறேன். சோறு, ரொட்டி சானாய், தே தாரிக் மூன்றையும் நிறுத்திய மூன்றாம் நாள் தலைவலி, சோர்வு, ஓயாத தாகம். ஐந்தாம் நாள் காலை, "என்னங்க, நெயில் பாலிஷ் அழிக்கிற தண்ணி வாடை அடிக்குது" என்று மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அது அசிட்டோன், உடல் கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் கீட்டோன் என்ற பொருள்களில் ஒன்று. அப்புறம் பசி அடங்கியது. நாசி கண்டார் கடையைத் தாண்டி நடக்க முடிந்தது (மீன் தலைக் கறி வாசம் மட்டும் இன்னும் இழுக்கிறது).

மருந்தகத்தில் வாங்கிய, சிறுநீரில் கீட்டோனைக் காட்டும் சோதனைப் பட்டை ஊதாவானது. சில வாரங்களில் நிறம் வெளிறவே பதறிப்போனேன். உடல் கீட்டோனைப் பயன்படுத்தப் பழகிவிட்டால் சிறுநீரில் குறையலாமாம். ரத்தச் சோதனைதான் சரி, கீட்டோன் லிட்டருக்கு 0.5 மில்லிமோலைத் தாண்டினால் கீட்டோசிஸ், அதாவது உடல் கொழுப்பை எரித்துக் கீட்டோனில் ஓடும் நிலை.

இன்சுலின் போடுபவர்களும், 'கிளிஃப்ளோசின்' என முடியும் பெயருள்ள சர்க்கரை மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்க வேண்டாம். அந்த வாடையோடு வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு வந்தால் கீட்டோன் அளவுமீறி ரத்தம் அமிலமாகும் கீட்டோ அசிடோசிஸ் என்ற ஆபத்தாக இருக்கலாம். நேரே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

ஒரு வாசகர்,
ஜார்ஜ்டவுன், பினாங்கு