அடிக்குறிப்பில் முழு முகவரியையும் போடுங்கள்: தமிழ்ப் பதிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பதிப்பாளர்களே, சிற்றிதழ் ஆசிரியர்களே,

வணக்கம். பத்து வருடத்துக்கு முன் வந்த ஒரு கட்டுரைத் தொகுப்பைப் போன மாதம் வாசித்தேன். நடுகற்கள் பற்றிய கட்டுரையில் ஒரு தகவல் எனக்குப் புதிதாக இருந்தது. ஆதாரம் தேடி அடிக்குறிப்புக்குப் போனால், அங்கே நீண்ட இணைய முகவரிக்குப் பதிலாகப் போடும் ஒரு குறுஞ்சுட்டி மட்டும். போனில் தட்டினேன், திறக்கவில்லை. கடைசியில் இருப்பது ஆங்கிலப் பெரிய ‘ஐ’யா, சின்ன ‘எல்’லா, எண் ஒன்றா? அந்த எழுத்துருவில் மூன்றும் ஒரே கோடுதான். மூன்றையும் போட்டுப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, சுட்டியைச் சுருக்கித் தந்த சேவையையே மூடிவிட்டார்கள். கட்டுரை எந்தத் தளத்தில் இருந்தது, யார் எழுதியது? எதுவும் தெரியவில்லை.

நீங்கள் ஏன் சுருக்குகிறீர்கள் என்பது புரிகிறது. தமிழ்த் தலைப்புள்ள முகவரியை நகலெடுத்து ஒட்டினால் ஒவ்வொரு தமிழ்க் குறியும் சதவீதக் குறியும் ஆங்கில எழுத்தும் எண்ணுமாக ஒன்பது இடத்தைப் பிடிக்கிறது; புள்ளியும் கொம்பும்கூடத் தனித்தனிக் குறிகள்தான். ‘கல்வெட்டு’ என்ற ஒரு சொல்லுக்கே 81 இடம். பக்கம் கட்டுகிறவர் பாவம், என்ன செய்வார்? 2002இல் டைனியூஆர்எல் என்ற சுருக்கும் சேவை வந்ததும் இப்படி நீண்டு உடையும் முகவரிகளுக்காகத்தான். வாட்ஸப்பில் அனுப்ப, மேடையில் திரையில் காட்ட, இன்றைக்கும் நல்ல வசதி.

ஆனால் புத்தகம் அப்படியல்ல, அது காத்திருக்கும். கூகுளின் சுருக்கும் சேவை 2009இல் வந்தது, 2019இல் புதிய சுட்டிகள் தருவதை நிறுத்தியது. பழையவை எல்லாமே 2025 ஆகஸ்டில் நின்றுபோகும் என்று முதலில் அறிவித்தார்கள். பிறகு, 2024இன் கடைசி மாதங்களில் யாரும் பயன்படுத்தாதவற்றை மட்டும் நிறுத்துவதாக மாற்றினார்கள். நூலக அலமாரியில் இருக்கும் ஒரு புத்தகத்தின் 47ஆம் அடிக்குறிப்பை அந்த மாதங்களில் யார் தட்டியிருப்பார்கள்? முதலில் போவது நம் சுட்டிகள்தான்.

முழு முகவரியும் சாகும், சரி. ஆனால் அது கையில் இருந்தால் பழைய இணையப் பக்கங்களைச் சேமித்துவைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் போட்டுத் தேடலாம், பல சமயம் பழைய நகல் கிடைத்துவிடும். குறுஞ்சுட்டியை வைத்துக்கொண்டு அப்படித் தேட வழி குறைவு.

அதனால் கேட்கிறேன்: கட்டுரைத் தலைப்பு, எழுதியவர், தளம், பார்த்த தேதி, முழு முகவரி, இவை எல்லாம் அடிக்குறிப்பில் இருக்கட்டும். முகவரியில் வரும் தமிழைத் தமிழ் எழுத்திலேயே அச்சிடலாம். வாசகர் அப்படியே தட்டினாலும் உலாவி புரிந்துகொள்ளும், 81 இடமும் வேண்டாம். பக்கத்தில் குறுஞ்சுட்டியும் போடுங்கள், தடையில்லை. க்யூஆர் கோடு போடுகிறவர்கள், அதற்குள் இருப்பது குறுஞ்சுட்டியா என்று ஒருமுறை ஸ்கேன் செய்து பார்த்துவிடுங்கள்.

மறுபதிப்புக்குக் காத்திருக்கும் நூல்கள் உங்களிடம் இருக்கும். அவற்றின் குறுஞ்சுட்டிகளை இந்த வாரமே ஒவ்வொன்றாகத் திறந்து, எங்கே போகிறது என்று எழுதிவைத்துக்கொள்ளுங்கள். திறக்காதவற்றை ஆசிரியரிடம் கேளுங்கள், அவருக்கு இன்னும் நினைவிருக்கும்போதே.

அன்புடன்,
உங்கள் வாசகன்